மாமியார் ஏறிப் பார்க்கட்டும், பிறகு வண்டியைப் பேசுவோம்

வண்டியும் வீடும்: வாசகர் கேள்வி பதில்
பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் வண்டிகளுக்காக, மொரீஷியஸின் வாக்வாவில் கராஜ் நடத்துபவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்களிடம் 2014 மாடல் டொயோட்டா ஆக்வா இருக்கிறது. ஜப்பானில் ஓடி இங்கே இறக்குமதியான ரீகண்டிஷன் வண்டியாக வாங்கினோம், இன்றுவரை ஒரு தொந்தரவும் இல்லை. வாங்கும்போது நானும் கணவரும் மட்டும்தான். இப்போது இரண்டு பிள்ளைகள். மாமனார், மாமியாரும் எங்களோடு வந்துவிட்டார்கள். மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஆக்வாவில் ஏறி இறங்க ரொம்பவே சிரமப்படுகிறார். கணவர் மெட்ரோவில் போர்ட் லூயிஸ் போய்வர ஆரம்பித்ததிலிருந்து வண்டி மாதம் 600 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில், மாதக் கடைசியில் மாயெபூரில் என் அம்மா வீடு, அவ்வளவுதான். ஹைப்ரிட்டை விட மனமில்லை. தம்பி, "ஹோண்டா வெஸல் எடு அக்கா, உயரமான வண்டி" என்கிறான். டீலர் ஏழு சீட் பிரியஸ் ஆல்ஃபாவைக் காட்டி, ஆக்வாவை விட்டுவிட்டு வித்தியாசத்தை மட்டும் கட்டச் சொல்கிறார். எது லிட்டருக்கு அதிகம் ஓடும்? எதை எடுப்பது?
– வாசகி, கியூர்பிப்

பதில்: லிட்டர் கணக்கை முதலில் முடித்துவிடுவோம் அம்மா. ஹைப்ரிட் மாற்ற வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு இது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

ஜப்பானில் அரசு முறைப்படி சோதித்த கணக்கில் உங்கள் வருடத்து ஆக்வா லிட்டருக்கு 37 கிலோமீட்டர். அந்த எண்ணை கியூர்பிப்பில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் வரை போய், நிறுத்தி, திரும்பி வருகிற சின்னச் சின்ன ஓட்டத்தில் எஞ்சின் தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே பெட்ரோலைக் குடிக்கும். கூலண்டும் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டும் சூடேறும்வரை அது அணைய மறுக்கும். மழையும் குளிரும் உள்ள உங்கள் ஊரில் இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம். ஆகவே ஆக்வா லிட்டருக்கு 20 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 600 கிலோமீட்டருக்கு 30 லிட்டர். அதைவிடப் பெரிய ஹைப்ரிட் ஒன்று 17 கொடுத்தால் 35 லிட்டர் சொச்சம். வித்தியாசம் மாதத்துக்கு 5 லிட்டர். ஒரு பெரியவர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் வலியில் உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க, இந்த 5 லிட்டரைக் கொடுக்கலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். உங்கள் மாமியார் ஆக்வாவில் ஏறுவதைப் பக்கத்தில் நின்று ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். கதவு குறுகலாகத் திறக்கிறது. கூரை தாழ்வு, வண்டியின் மொத்த உயரமே 1.45 மீட்டர்தான். தலையைக் குனிய வேண்டும், அதே நேரத்தில் பின்பக்கமாக உட்கார வேண்டும். சீட் எங்கோ கீழே இருப்பதால் கடைசி ஒரு சாண் தூரத்தை உடம்பைத் தொப்பென்று போட்டுத்தான் கடக்க முடியும். பிறகு ஆபரேஷன் ஆன காலைக் கையால் தூக்கி, வாசல் விளிம்பைத் தாண்டி உள்ளே வைக்க வேண்டும். இறங்கும்போது இன்னும் மோசம். இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்து கிடக்கும், எழுந்திருக்கும் பாரம் முழுவதும் அந்த முழங்கால் மேல்தான் விழும்.

ஆகவே உங்களுக்குத் தேவையான வண்டியின் அளவு மாமியாரின் காலில் இருக்கிறது. உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். உள்தளம் தாழ்வாக இருக்க வேண்டும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும். இது மூன்றும் சேர்ந்து இருக்கிறதா என்பதை அவர் ஏறி உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அவரை டீலரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு தடவைக்கு மூன்று தடவை ஏறி இறங்கட்டும். கூச்சப்பட்டு, "பரவாயில்லை, இதுவே போதும்" என்று சொல்வார், நம் வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வாயைப் பார்க்காதீர்கள், கை எதைப் பிடிக்கத் தேடுகிறது என்று பாருங்கள்.

தம்பி சொன்ன வெஸல் நல்ல வண்டிதான், ஆனால் உங்களுக்கு இல்லை. ஐந்து சீட், நீங்கள் ஆறு பேர். சீட் உயரம் மாமியாருக்குத் தோதாக இருக்கலாம், ஆனால் தளமும் சேர்ந்து உயர்ந்துவிடுகிறது, காலை அந்த அளவு தூக்க வேண்டும். பின்கதவின் கைப்பிடி கண்ணாடிக்குப் பக்கத்தில், மேலே மூலையில் ஒளிந்திருக்கும். அழகுக்காக வைத்தது. சின்னப் பிள்ளைக்கு எட்டாது, தோளைத் தூக்க முடியாத பெரியவருக்கும் எட்டாது. அதோடு முதல் தலைமுறை வெஸல் ஹைப்ரிட்டில் இரட்டை கிளட்ச் கொண்ட ஏழு கியர் பெட்டி. 2014இல் இந்த அமைப்புக்காக ஜப்பானில் வண்டிகளைத் திரும்பத் திரும்ப ரீகால் செய்தார்கள், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனியே திருப்பி அழைத்தது. அந்த வேலைகள் செய்து முடிக்கப்பட்ட வண்டி நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் ஆக்வாவின் வழுவழுப்புக்குப் பழகியவர்களுக்கு, மேட்டில் ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் அது கொஞ்சம் உதறுவது பிடிப்பதில்லை.

பிரியஸ் ஆல்ஃபாவை அப்படி ஒதுக்கிவிட மாட்டேன். ஆல்ஃபாவில் இரண்டு வகை உண்டு. ஐந்து சீட் வண்டியில் நிக்கல் பேட்டரி, டிக்கித் தளத்துக்கு அடியில். ஏழு சீட் வண்டியில் மூன்றாவது வரிசைக்கு இடம் விடுவதற்காக லித்தியம் பேட்டரியை முன்சீட்டுகளுக்கு நடுவில், கைவைக்கும் பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். டீலர் காட்டுவது எது என்று இதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். 1.8 லிட்டர் எஞ்சின், மோட்டாரோடு சேர்த்து 136 குதிரைத்திறன். மாயெபூரிலிருந்து ஆறு பேரோடு ரோஸ் பெல், நுவெல் ஃபிரான்ஸ் ஏற்றத்தில் சிரமமே தெரியாமல் ஏறிவிடும். ஆனால் கதவு சாதாரணக் கதவு. உட்காரும் விதமும் கார் போலவே தாழ்வு, ஆக்வாவைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நீளம் 4.6 மீட்டருக்கு மேல், உங்கள் வீட்டு வாசலில் திருப்ப முடியுமா என்று அளந்து பாருங்கள். எடுப்பதாக இருந்தால் ஒன்று கேட்க வேண்டும். அதிகம் ஓடிய 1.8 எஞ்சின்களில் ஈ.ஜி.ஆர். வழியில், அதாவது புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் பாதையில், கரி அடைத்துக்கொள்ளும். அது சுத்தம் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். அப்படியே விட்டால், எஞ்சினின் தலைப்பாகத்தைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் வரை போகும் செலவு அது.

நான் உங்கள் வீட்டு வாசலில் பார்க்க விரும்புவது டொயோட்டா சியென்டா ஹைப்ரிட். 2015இல் வந்த இரண்டாம் தலைமுறை. பின்கதவு இரண்டும் சறுக்குக் கதவு. தரையிலிருந்து உள்தளம் 33 சென்டிமீட்டர்தான், வீட்டு மாடிப்படி இரண்டுக்குக்கூட வராது. கூரை உயரமாக இருப்பதால் மாமியார் நின்ற வாக்கில் ஒரு காலை உள்ளே வைத்து, தூணிலுள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, திரும்பி உட்காரலாம். காத்ர் போர்ன் சந்தை நாளில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிறுத்தினாலும் கதவை முழுசாகத் திறக்கலாம். ஒரு விஷயம் மட்டும்: கியூர்பிப் சரிவுகளில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தினால், கையால் இழுக்கும் சறுக்குக் கதவு கனக்கும், பாதியில் முன்னுக்கு வரவும் பார்க்கும். பட்டன் அழுத்தினால் தானாகத் திறந்து மூடும் மோட்டார் கதவு உள்ள வண்டியாகத் தேடுங்கள். சில வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும்தான் மோட்டார் இருக்கும். அது இடது பக்கமா, அதாவது நம் நாட்டில் நடைபாதைப் பக்கமா, என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சீட் ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஏழு சீட் சியென்டாவில் மூன்றாவது வரிசை இரண்டு பாதியாகப் பிரியும், ஒவ்வொரு பாதியும் நடுச்சீட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மாமனார் முன்னால். நடு வரிசையில் கதவோரம் மாமியார், நடுவில் நீங்கள், மறு ஓரம் சின்னதின் சைல்ட் சீட். பெரிய பிள்ளை மட்டும் மூன்றாவது வரிசையில். மற்றப் பாதியை மடக்கிவிட்டால் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோகும் பைகளுக்கு இடம் கிடைக்கும். மூன்றாவது வரிசையை முழுசாக விரித்தால் டிக்கி என்று ஒன்றும் மிஞ்சாது. தைப்பூசக் காவடி நாளில் ஏழு பேரும், பால்குடமும், பூக்கூடைகளும் ஒரே வண்டியில் என்று நினைக்காதீர்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். சியென்டாவில் இருப்பதும் ஆக்வாவில் உள்ள அதே 1.5 லிட்டர் குடும்பத்து எஞ்சின்தான், மோட்டாரோடு சேர்த்து அதே 100 குதிரைத்திறன். ஆனால் வண்டி 300 கிலோ கூடுதல் கனம். ஆறு பேரோடு மலையேறும்போது எஞ்சின் கத்தும். கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம், கியர் இல்லாத அமைப்பு என்பதால் ஒரே சுருதியில் கத்தும். இறக்கத்தில் வேறொரு சங்கதி. கியூர்பிப் கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரம். ஆள் நிறைந்த சியென்டா அங்கிருந்து கடற்கரைக்கு இறங்கும்போது விடும் சக்தி கணக்குப்படி 2 யூனிட்டுக்கும் மேல். சாலை உராய்வும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைப் பிடித்து வைக்கும் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவோ 0.9 யூனிட், அதிலும் பாதிக்கும் குறைவாகத்தான் புழங்க விடும். பாதி வழியில் பேட்டரி நிறைந்துவிடும், பிறகு பாரம் முழுவதும் சாதாரண பிரேக் மேல். ஆகவே நீண்ட இறக்கத்தில் லீவரை 'பி' என்ற நிலையில் போடுங்கள், எஞ்சின் சுற்றியே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆக்வாவிலும் இந்த 'பி' இருக்கிறது. பலர் வாங்கிய நாள்முதல் அதைத் தொட்டதே இல்லை.

தினமும் ஆறு பேரும் மாயெபூர் போய் வருவதாக இருந்தால் ஆல்ஃபா என்று சொல்லியிருப்பேன். மாதம் ஒரு தடவை ஏற்றத்துக்காக, தினமும் ஏறும் கதவை விட்டுக்கொடுக்கக் கூடாது.

இனி மாற்றும் விதம். "வித்தியாசத்தை மட்டும் கட்டுங்கள்" என்ற பேச்சுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் உங்கள் ஆக்வாவுக்கு என்ன விலை, அவர் வண்டிக்கு என்ன விலை என்று இரண்டுமே மறைந்துவிடும். ஆக்வாவின் விலையைத் தனியாக, காகிதத்தில், எந்த வண்டியை எடுக்கப்போகிறீர்கள் என்று சொல்வதற்கு முன்பே கேளுங்கள். இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். வெளியே விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் புது வண்டி வரும்வரை பள்ளிக்கு யார் கொண்டுவிடுவது என்ற கஷ்டமும் உண்டு, அதை உங்கள் வீட்டு நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஜூன் மாதம் பட்ஜெட் வரும் நேரமாக இருந்தால் அதுவரை பொறுங்கள். டூட்டி ஏறினாலும் இறங்கினாலும் பழைய வண்டி விலை கூடவே ஆடும்.

"பேட்டரி பழசு அம்மா, எப்போது போகுமோ" என்று சொல்லித்தான் விலையைக் குறைப்பார்கள். அதற்கு முன்பே நீங்கள் ஒரு சோதனை செய்து அச்சிட்ட ரிப்போர்ட்டோடு போங்கள். ஸ்கேனரை மாட்டி, வண்டியை ஓட்டிக்கொண்டே, பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு பிளாக்கின் வோல்டேஜையும் பார்க்க வேண்டும். எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் பேட்டரி நல்லது. ஒன்று மட்டும் மேட்டில் சரிந்து விழுந்தால் நோய் ஆரம்பித்துவிட்டது. வண்டி நின்றிருக்கும்போது மட்டும் எடுத்த ரீடிங்கை நம்ப வேண்டாம், அதில் நோய் தெரியாது.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. ஆக்வாவின் ஹைப்ரிட் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அது மூச்சு வாங்கும் துளை சீட்டின் ஓரத்தில், ஒரு பிளாஸ்டிக் ஜன்னலாக இருக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டு வண்டியில் நான் அந்த ஜன்னலைக் கழற்றினால் தினுசு தினுசாக வரும்: பிஸ்கட் தூள், ஃபிளிக் அன் ஃபிளாக் கடற்கரை மணல், கம்பளி நூல், மிட்டாய்த் தாள். பின்னால் இருக்கும் ஃபேனின் இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மெத்தை கட்டியிருக்கும். காற்று போகாவிட்டால் பேட்டரி சூட்டிலேயே வெந்து ஆயுள் குறையும். கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு காலைப்பொழுது போதும். பெயிண்ட் பாலிஷுக்குப் பணம் செலவழிக்காதீர்கள், இதற்குச் செலவழியுங்கள். அடுத்து வாங்கப்போகும் வண்டியிலும் இந்தத் துளை எங்கே என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்மேல் பை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சியென்டாவை எடுக்கும்போது ஜப்பான் ஏலச் சீட்டை, அதாவது அங்கே ஏலத்தில் விற்கும்போது வண்டியைப் பரிசோதித்து எழுதிய தாளைக் கேளுங்கள். அங்கே புது வண்டிக்கு முதல் அரசுப் பரிசோதனை மூன்றாவது வருடத்தில் வரும், அந்தச் செலவைத் தவிர்க்கப் பலர் வண்டியைத் தள்ளிவிடுவார்கள், அப்படி ஏலத்துக்கு வந்தவை நிறைய. சீட்டில் மதிப்பெண் 4, 4.5 என்றிருந்தால் நல்லது. 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. வண்டிப் படத்தின்மேல் 'எஸ்' என்று குறித்திருந்தால் துரு, 'சி' என்றால் அரிப்பு. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட ஜப்பான் வண்டிகளுக்கு அடிப்பாகம் அரித்திருக்கும். நம் கடல் காற்று மிச்சத்தை முடித்துவிடும். சீட்டிலுள்ள சேஸி எண்ணும் வண்டியிலுள்ள எண்ணும் ஒன்றா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, 'ரெடி' விளக்கு வந்ததும் பிரேக்கை நான்கைந்து தடவை மிதித்துவிட்டுக் காதைக் கொடுங்கள். பிரேக் பம்ப் கொஞ்ச நேரம் ஓடி நிற்பது இயல்பு. மிதிக்காமல் இருக்கும்போதும் அடிக்கடி ஓடினால் விட்டுவிட்டு வாருங்கள். கடன் வைத்து வாங்கிய வண்டியாக இருந்தால் அந்தக் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முன்பணம்.

கேள்வி: ஆறு வாரம் தமிழ்நாடு போய்விட்டு வந்தோம். ஆக்வா உயிரே இல்லாமல் கிடக்கிறது, ரிமோட்டும் வேலை செய்யவில்லை. ஹைப்ரிட் பேட்டரி போய்விட்டது, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறு வண்டிக்கு மாறுங்கள் என்கிறார்கள். தள்ளிவிடலாமா?
– வாசகர், குட்லண்ட்ஸ்

பதில்: தள்ளிவிடாதீர்கள் தம்பி. உங்கள் வண்டியில் இரண்டு பேட்டரி. கதவு, ரிமோட், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் எழுப்புவது சாதாரண 12 வோல்ட் பேட்டரி. அது ஆறு வாரத்தில் இறங்கிப்போவது சகஜம். அது எழுப்பாவிட்டால் பெரிய பேட்டரி நன்றாக இருந்தாலும் வண்டி அசையாது. மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட வேண்டும், போட்டும் நிற்காவிட்டால் மாற்ற வேண்டும். மாற்றும்போது கடையில் மலிவாகக் கிடைப்பதை வாங்காதீர்கள். ஆக்வாவில் அது ஆட்கள் உட்காரும் பகுதிக்குள்ளேயே இருக்கிறது, வாயுவைக் குழாய் வழியே வெளியே விடும் வகை வேண்டும். பெரிய பேட்டரி உண்மையிலேயே போயிருந்தால் வண்டி விழித்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு காட்டும். ஸ்கேனரில் பெரும்பாலும் பி0ஏ80 என்ற கோட் வரும். எந்தக் கோடும் காட்டாமல் பேட்டரி போச்சு என்று சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது 12 வோல்ட்டின் மைனஸ் இணைப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

கேள்வி: சாதாரண பிரியஸைக் கொடுத்துவிட்டு, செருகிச் சார்ஜ் போடும் பிரியஸ் பி.எச்.வி. எடுக்கலாமா? நாங்கள் இருப்பது அடுக்குமாடி, மூன்றாவது மாடி. பார்க்கிங்கில் பிளக் இல்லை.
– வாசகர், ஃபிளிக் அன் ஃபிளாக்

பதில்: பிளக் இல்லையென்றால் வேண்டாம். 2017 மாடலில் 8.8 யூனிட் பேட்டரி. வீட்டு மின்சாரத்தில் இரவு செருகினால் காலைக்குள் தாராளமாக நிறைந்துவிடும், பக்கத்து ஓட்டமெல்லாம் பெட்ரோல் இல்லாமலே முடியும். செருக இடமில்லாதவர் அந்தப் பேட்டரியின் கனத்தைச் சும்மா சுமந்து திரிவார். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிடும் யோசனை இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். மணிக்கணக்கில் முழுப் பாரம் இழுக்கும் வயர் சூடாகி உருகும், மழையும் பெய்யும். கட்டடச் சங்கம் உங்கள் பார்க்கிங்குக்குத் தனி மீட்டரோடு லைன் இழுத்துத் தருமா என்று கேளுங்கள். சரி என்று எழுதிக் கொடுத்தால் பிறகு வண்டியைத் தேடலாம்.

கேள்வி: புதிதாக மாற்றிய ரீகண்டிஷன் ஹைப்ரிட்டில் ரேடியோ ஓரிரண்டு ஸ்டேஷன்தான் எடுக்கிறது. திரையில் எல்லாம் ஜப்பான் எழுத்து. திருப்பிக் கொடுக்கலாமா?
– வாசகி, திரியோலே

பதில்: இதற்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் அம்மா. ஜப்பானில் எஃப்.எம். 76 மெகாஹெர்ட்ஸில் ஆரம்பித்து 90, புதிய செட்டுகளில் 95 வரை. நம் நாட்டில் 88இலிருந்து 108 வரை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்திலுள்ள ஸ்டேஷன்கள் மட்டும் உங்களுக்குக் கேட்கும். ஆன்டெனா வயருக்கு நடுவே மாட்டும் பேண்ட் கன்வர்ட்டர் என்ற சின்னப் பெட்டி விற்கிறது. விலை குறைவு, மாட்டுவதும் சுலபம். மொழியை மாற்ற முடியாத செட்டாக இருந்தால் முழுசாகக் கழற்றி வேறு போடலாம். போடுவதற்கு முன் ஒன்று பாருங்கள். பின்பக்கக் கேமரா படம் அந்தத் திரையில்தான் வருகிறதென்றால், புதுத் திரையிலும் அது வருமா என்று ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.